நிரோஜினியின் பாடமும் என் வாயும்

பேசாமல் இருக்கத் தெரியாதவர்களைத்தான் இந்த நாட்டில் ஆசிரியராக்குகிறார்கள். அவர்களிலும் இனித் திருந்தவே மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்புகிறார்கள். நான் இரண்டாவது வகை.

பயிற்சி ஆசிரியர்கள் விஞ்ஞானத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது என்பதுதான் என் பாடம். அதில் நான் அதிகம் தொண்டை கிழியக் கத்தியது ஒரே விஷயத்துக்காக.

"கேள்வி கேட்டுட்டு நீரே பதில் சொல்லக் கூடாது. மனசுக்குள்ள பத்து எண்ணும். பிள்ளையள் யோசிக்கட்டும்."

(இதை விளக்க நான் ஒன்றரை மணித்தியாலம் இடைவிடாமல் பேசினேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

வத்தளையிலிருந்து என் வகுப்புக்கு வரும் நிரோஜினிக்குக் குரலே எழும்பாது. அவளுடைய இறுதிக் கற்பித்தல் மதிப்பீடு கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பில் நடந்தது. தேறினால், கூடப் படித்தவர்களோடு வேலை நியமனம். தவறினால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி. தைரியம் கொடுக்கிறேன் என்று நானும் போய், மதிப்பீட்டுக்கு வந்த மேடத்துக்குப் பக்கத்தில், வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நிரோஜினி ஐஸ் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தாள். கொழும்புப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே அதன் வெளிப்புறமெல்லாம் நீர்த்துளி.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?"

"போத்தல் ஓட்டை, மிஸ்," என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"அப்பிடியோ? வேற ஆராவது?" என்று கேட்டுவிட்டு நின்றாள். அருமையாக நின்றாள். நானும் எண்ணினேன். ஏழு வரை வந்தபோது மேடம் பேனையைத் திறந்தார். குறை எழுதப் போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"காத்தில இருக்கிற நீராவிதான் குளிர்ந்து தண்ணியா ஒடுங்குது!" என்றேன், கடைசி வாங்கிலிருந்து.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். எழுந்து முன்னால் போய், அவள் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, மேகம் வரைந்து, மழை வரைந்து, வெள்ளவத்தைக் கடலையும் வரைந்து முடிக்க மணி அடித்தது.

மேடம் எழுதியது ஒரே வரி: "மாணவ ஆசிரியையின் தொடர்பாடல் திறனைப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை."

பஸ் தரிப்பிடத்தில் நிரோஜினி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மூண்டாம் வாங்கில ஒரு பிள்ள கை தூக்கினவ, சேர். நீங்க முந்திட்டீங்க."

மேடத்திடம் போய்க் கெஞ்சினேன். அவர் மசியவில்லை. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். நிரோஜினி மட்டும் அடுத்த தொகுதிப் பயிற்சி ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பத்து எண்ணச் சொல்லும் என் பாடத்தை இரண்டாம் தடவையாகக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். வெட்கத்தில் செத்துப்போனேன்.

மறு மதிப்பீட்டுக்கு முதல் நாள் போன் எடுத்தாள். "சேர், நாளைக்கு நீங்க வராட்டிப் பெரிய உதவி."

போகவில்லை. அவள் நல்ல புள்ளிகளோடு தேறினாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை. "இவர் படிப்பிச்சதிலேயே நல்ல பாடம், இவர் போகாத பாடம்தான்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பகிடி என்றால் அதில் கொஞ்சமாவது பொய் இருக்கவேண்டும். இதில் இல்லை.