எல்லாச் சேலையும் பத்து பாகாட்டுக்குக் கிளம்பிய நாள்

எனக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் முழு நம்பிக்கையோடு செய்வேன். கல்யாணத்துக்கு முன்பு இந்த வியாதி இன்னும் முற்றியிருந்தது.

அப்போது மலேசியாவில், தங்காக் ஊரில் ஒரு துணிக்கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சரக்கு விவரம் முழுவதும் அங்கிருந்த சர்வரில். பத்து பாகாட் என்ற ஊரில் இருந்த கிளையில் இருந்தபடியே அதில் சேலை தேட ஒரு புரோகிராம் எழுதினேன். சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருபது சேலையை வைத்துச் சோதித்தேன். மின்னல் வேகம்! (நம்மள அடிச்சிக்க ஆள் இல்ல லா.)

தீபாவளி விற்பனை மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை, புரோகிராமைத் தொடங்கிவைக்கப் பத்து பாகாட் போனேன். அன்றுதான் சேலை எடுக்கிற சாக்கில் என்னைப் பார்க்க, எனக்குப் பேசியிருந்த பெண் ரேணுகாவும் அவள் அம்மாவும் வருவதாகத் தகவல். படத்தைப் பார்த்ததுமே எனக்கு ரேணுகாவைப் பிடித்துவிட்டது. அவள் அம்மா சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. புதுச்சட்டை போட்டுக்கொண்டு கவுண்டரில் நானே உட்கார்ந்தேன்.

"தம்பி, இதே சேல மாம்பழக் கலர்ல தங்காக் கடையில இருக்கா?" என்றார் அம்மா.

"ஒரு செகண்ட் ஆன்ட்டி."

தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற கவுண்டர்களிலும் தேடினார்கள், அங்கும் வட்டம். அதே லைனில் ஓடிய கார்டு மெஷினும் படுத்துவிட்டது. வரிசை வாசலைத் தாண்டியது.

"அலமாக்! லைன் ஜாம் லா!" என்று கத்தினாள் பக்கத்துக் கவுண்டர் மாலா.

"என்ன தம்பி பண்ணுது அது?" என்றார் அம்மா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விளக்கினேன். "தங்காக்ல உள்ள அத்தன சேல விவரமும் லைன் வழியா இங்க வருது ஆன்ட்டி. வந்ததும் மாம்பழக் கலர மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத தூக்கிப் போட்டுரும்."

அவர் யோசித்தார். "ஏன், அங்கேயே பொறுக்கி எடுத்து அத மட்டும் அனுப்பினா ஆகாதா?"

ஆகும். சர்வருக்கு அனுப்பும் கேள்வியிலேயே நிறத்தையும் சொல்லிவிட்டால் ஆகும். பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. என் முகத்தில் அசடு வழிய, ரேணுகா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். வட்டம் தலைகாட்டவே இல்லை. மாம்பழக் கலரில் மூன்று சேலை இருந்தது. கல்யாணம் போச்சு என்று வீடு திரும்பினேன்.

மறுநாள் ரேணுகாவின் அம்மா சொல்லி அனுப்பினார்: "பெரிய மூளக்காரன்னு சொல்ல முடியாது. ஆனா சொன்னா கேட்டுக்கிறான். அது போதும்."

இன்றும் நான் காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பினால் அத்தை விடமாட்டார். "மாப்பிள, அங்கேயே பொறுக்கி எடுத்துட்டு வாங்க. பசாரையே தூக்கிட்டு வந்துராதீங்க."

போன வாரம் வீட்டில் தக்காளி மட்டும் கேட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு பை நிறையக் காய்கறியோடு வந்து நின்றேன். அந்தச் சனிக்கிழமையில் பிறந்தே இராத என் மகள், விரலால் காற்றில் வட்டம் சுற்றிக் காட்டினாள்.