நீலப் புத்தகத்தை நம்பிப் போனவன்

என்னைப் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும், அவர் சொல்லும் மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவேன். இந்தக் குணத்தால் உள்ளூரில் பல தடவை ஏமாந்திருக்கிறேன். வெளிநாட்டுக்கும் போய் ஏமாந்த கதை இது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எனக்கு மீன்பிடிச் சாமான் கடை. கடலில் போகிறவர்களுக்கு வலையும் கயிறும் விற்றேனே தவிர, நான் கடல் கடந்தவனில்லை. (மூதூருக்கு லோஞ்சிப் படகில் போனதை வசந்தி கணக்கில் எடுப்பதில்லை.) எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்குப் பிள்ளைகள் பாங்கொக் போய்வர டிக்கெட் எடுத்துத் தந்தார்கள். மனைவி வசந்திக்கு ஒரே ஓர் ஆசைதான். எங்கள் குசினிச் சுவரில் எப்போதோ காலாவதியான ஒரு கலண்டர் தொங்குகிறது. அதில் பாங்கொக் அரண்மனை தங்கமாக மின்னும். தேங்காய் துருவும்போதெல்லாம் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்குக் கடை, சாமான் ஒண்டும் வேண்டாம். இந்த அரண்மனையை மட்டும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. "எல்லாம் போனில இருக்கு அப்பா" என்றாள் மகள். ஆனால் என் கடைக்கு வரும் வெள்ளைக்காரரில் பாதிப்பேர் கக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடுதான் வருவார்கள். புத்தகமில்லாமல் பயணமா? உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பனிடம் போனேன். பயணிகள் விட்டுப்போன புத்தகங்கள் அங்கே ஓர் அலுமாரி நிறைய இருந்தன. தாய்லாந்துக்கு இரண்டு அகப்பட்டன. ஒன்று நீலம், மற்றது சிவப்பு.

எதை எடுப்பது? அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. தாய்லாந்தைப் பற்றி எழுதியது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே கொம்பனிகள் இலங்கைக்குப் போட்ட புத்தகங்களும் அலுமாரியில் இருந்தனவே. எங்கள் ஊரைப் பற்றி எவன் சரியாக எழுதியிருக்கிறானோ அவனே யோக்கியன். (இந்த யோசனை வந்தபோது நான் எனக்கே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.)

நீலம் எழுதியிருந்தது: திருகோணமலை மக்கள் அன்பானவர்கள், துறைமுகத்தருகே உள்ள மீன்பிடிச் சாமான் கடைகள் பார்க்கத் தக்கவை. கடைகள் என்று பன்மையில் இருந்தாலும் அது என் கடைதான் என்று எனக்குப் பட்டது.

சிவப்பு எழுதியிருந்தது: இங்கே சில ஓட்டோக்காரர்கள் நீங்கள் போக நினைக்கும் இடம் இன்று பூட்டு என்று சொல்லி, தங்கள் சொந்தக்காரரின் கடைக்குக் கூட்டிப்போவார்கள், கவனம்.

எனக்குக் கொதித்தது. வசந்தியின் தம்பி குமார் ஓட்டோ ஓட்டுகிறவன். புறாத்தீவுக்குப் போக வரும் வெள்ளையரிடம் "இண்டைக்குக் கடல் சரியில்லை, படகு விடமாட்டினம்" என்று சொல்லி என் கடையில் கொண்டுவந்து இறக்குவான். அவர்களும் சுவரில் மாட்ட வீச்சுவலை வாங்கிப் போவார்கள். அது விருந்தோம்பல். அதைப் போய் இப்படி எழுதலாமா? சிவப்பை அலுமாரியிலேயே குப்புறப் போட்டுவிட்டு நீலத்தோடு விமானம் ஏறினேன்.

வேறு இடங்களைப் பார்த்து முடித்து, அரண்மனையைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தோம். (நல்லதைக் கடைசியில் வைக்க வேண்டுமென்றவனும் நான்தான்.) வாசலுக்குக் கொஞ்சத் தூரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும் "மிக அழகான நாடு, அன்பான மக்கள்" என்றார். அதோடு நான் விழுந்துவிட்டேன். இன்று காலையில் விசேட பூசை, அரண்மனை பூட்டு, பின்னேரம்தான் திறக்கும் என்று சொல்லி, அதுவரை ஊர் சுற்றிக் காட்ட ஓர் ஓட்டோவையும் கூப்பிட்டார்.

வசந்தி என் கையைச் சுரண்டினாள். "இஞ்சாருங்கோ, கேட் திறந்துதான் கிடக்கு. ஆக்கள் உள்ள போகினம்."

"அது அங்க வேலை செய்யிற ஆக்கள்."

"வேலை செய்யிற ஆக்கள் தொப்பியும் கமராவுமாப் போகினமோ? இது எங்கட குமார் கதைக்கிற மாதிரியே இருக்கு."

"சும்மா இரும். புத்தகத்திலயே இருக்கு, இஞ்சத்தைச் சனம் நல்ல சனமாம்."

ஓட்டோ நேராக ஒரு தையற்கடை வாசலில் நின்றது. முதலாளி தன் மாமா என்றார் ஓட்டோக்காரர். மாமா என் தோளை அளந்து, மந்திரிக்குரிய தோள் என்றார். கோட்டுத் துணியில் ஐம்பது வகை விரித்தார்; ஒன்றைத் தைக்கக் கொடுத்தேன். அடுத்துப் பெரியப்பாவின் மாணிக்கக்கடை, அதற்கடுத்துச் சித்தியின் பட்டுக்கடை. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்றானபோதுதான் திரும்ப விட்டார்கள்.

இப்போது அரண்மனை உண்மையாகவே பூட்டியிருந்தது. காலையிலிருந்து திறந்துதான் இருந்தது, இனி நாளைக்குத்தான் என்றார் காவலாளி. நாளைக் காலையில் எங்களுக்கு விமானம்.

வசந்தி சண்டை பிடிக்கவில்லை. மதிலுக்கு மேலே தெரிந்த தங்கக் கூரையின் நுனியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கேட்டுக்கு முன்னால வைச்சாவது ஒரு படம் எடுங்கோ" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அந்தப் படம் ஆடியிருப்பதற்கு அதுதான் காரணம், கமரா இல்லை.

ஊருக்கு வந்து குமாரிடம் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. தொழில்காரனைப் போலக் கவனமாகக் கேட்டான். "பூசை எண்டு சொன்னவனோ? எனக்கு ஏன் அது தோன்றேல்ல?" என்றான். வசந்தி பார்த்த பார்வையில் அடுத்த நாளே கடல் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு குமார் ஒருவரையும் கடையில் கொண்டுவந்து இறக்கவில்லை. வீச்சுவலைகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

ஆடிய அந்தப் படம் இப்போது குசினியில், கலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சமைக்க மனமில்லாத நாளில் "இண்டைக்குப் பூசை, குசினி பூட்டு" என்று வசந்தி சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் கடையப்பம் வாங்கப் போவேன்.

மாமாவிடம் தைக்கக் கொடுத்த கோட்டு அன்றிரவே ஹோட்டலுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கை நீளம், மறுகை அதைவிட நீளம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்து நின்றேன். மாப்பிள்ளையின் தகப்பனார் தடவிப் பார்த்து, "நல்ல துணி, எங்க தைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் வசந்தி சொன்னாள்: "அது, அரண்மனை பார்க்கப் போன இடத்தில."

"ஓ, அரண்மனை பார்த்தனீங்களோ?"

"இவர் பார்க்கேல்ல. நான் கலண்டரில பார்த்தனான்."