ஆக்சில் பாயும் எங்கள் வீட்டு வடச்சட்டியும்

டிராக்டர் வைத்திருந்தும் மெக்கானிக் ஆக்சில் பாயிடம் திட்டு வாங்காத ஆள் திண்டுக்கல் வட்டாரத்திலேயே கிடையாது. யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டால், அவர் இன்னும் வண்டி வாங்கவில்லை, விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அர்த்தம். பாயின் சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது நினைவிருக்குமா என்பதே சந்தேகம்.

போன ஐப்பசியில் எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. வேடசந்தூர் ரோட்டில் எங்கள் காடு. மழை பெய்து மண் உழவுக்குப் பதமாக இருந்தது. எங்கள் செம்மண்ணில் அந்த ஈரம் இரண்டு வெயிலுக்குத் தாங்காது. விதை வெங்காயம் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் கிழட்டு டிராக்டரின் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. இந்த ஈரத்தை விட்டால் அந்தப் போகமே போச்சு.

மொபெட்டில் வந்து இறங்கிய பாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிக்காரன் பேச்சை அவர் நம்பமாட்டார், வீட்டுக்காரியைத்தான் விசாரிப்பார்.

"ஓட்டுறவனுக்கு எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. வீட்ல இருக்கவுகளுக்குத்தான் கேக்கும். தங்கச்சியக் கூப்பிடுங்க."

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். வாசலில் நின்று சத்தம் போட்டே காட்டினாள். "ஊஊங்குனு வரும் பாய். கேட்ல திரும்புறப்ப சோத்தாங்கைப் பக்கம் கரகரன்னு இழுக்கும்."

பாய் கண்ணை மூடிக் கேட்டார். "அந்தப் பக்கத்து பேரிங் போச்சு. எம்புட்டு நாளாம்மா?"

"ஈஸ்டர்லருந்து பாய்."

பாய் என் பக்கம் திரும்பினார். "காது என்ன, பீடி சொருகவா வச்சிருக்கீக?"

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை உருவினார். நொறுங்கிய பேரிங் கருப்பு ஆயிலோடு வந்து விழுந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் எனக்கு ஒரு திட்டு. போல்ட்டெல்லாம் துரு, திட்டெல்லாம் புத்தம் புதுசு.

புது பேரிங்கைச் சூடாக்கினால்தான் கொஞ்சம் விரிந்து ஆக்சிலில் ஏறும். பாய் நேராக அடுப்படிக்குப் போனார். "தங்கச்சி, வடச்சட்டிய எடும்மா."

எண்ணெய் ஊற்றி, பேரிங்கைக் கம்பியில் கட்டி அதில் தொங்கவிட்டார். சூடு பார்க்க அவர் வைத்திருந்த கருவி அப்பளம்.

"அப்பளம் பொரிஞ்சா பேரிங் கெட்டுப்போகும். லேசா நெளியணும். அம்புட்டுத்தான்."

அப்பளம் நெளிந்தது. பாய் பேரிங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது ஆக்சிலில் வழுக்கிப் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பி வந்து அந்த அரைவேக்காட்டு அப்பளத்தை என் கையில் கொடுத்தார். "வாயில போட்டுக்கங்க. செத்த நேரமாச்சும் பேசாம இருப்பீக."

சக்கரம் மாட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. காட்டில் மண் மேலாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. "சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க பாய்" என்றேன்.

"சோறு எங்கயும் ஓடாது. ஈரந்தான் ஓடும். கலப்பைய மாட்டுங்க."

நான் உழ ஆரம்பித்தேன். பாய் கிளம்பவில்லை, கிரீஸ் கையோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு திட்டு வந்தது. இருட்டப்போகிறது, வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"பாதியில நின்னுச்சுன்னா யாரைத் தேடுவீக? ஓட்டுங்க."

கடைசிச் சால் முடிந்த பிறகுதான் எழுந்தார். வெங்காயத்தை மறுநாளே ஈரத்தில் ஊன்றிவிட்டோம். அந்தப் போகம் பிழைத்தது.

வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் எவனுக்கும் முதலில் செலவுக் கணக்குதான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும், பாய் வருவார் என்ற சந்தோஷம்தான் முதலில் வருகிறது.