தோளைப் பார்த்து அழுத்திய பொத்தான்

மதிப்புக்குரிய அக்காவுக்கு, உன் தம்பி பணிவோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆகவே என் மகளும் அவள் அம்மாவும் நலம், நான் மட்டும் தலைகுனிந்து இருக்கிறேன் என்று திருத்திப் படித்துக்கொள். அத்தானின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவன் திடீரென்று ஏன் கடுதாசி போடுகிறான் என்று நீ யோசிப்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கடைசியில் வரும்.

மகள் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடுகிறாள். பேச்சு சிகிச்சையும் செவித்திறன் பரிசோதனையும் சேர்ந்த படிப்பு. பேச்சு வராத குழந்தைகளைப் பேச வைப்பது, காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்துவது, இதெல்லாம் சொல்லித்தருவார்களாம். மதிப்பெண் மட்டும் போதாது. இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று சொந்தமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஒரு கிளினிக்கில் நாற்பது மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், அங்கே இருக்கிற நிபுணர் இவள் தகுதியானவள் என்று சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். கட்டுரையை எழுதி நிபுணரிடமும் படிக்கக் கொடுத்துவிட்டாள், நாற்பது மணி நேரத்தையும் முடித்துவிட்டாள். அந்த அம்மாவும் சிபாரிசுக் கடிதத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் நான் வேட்டு வைத்தேன்.

போன வியாழக்கிழமை மகள் என்னிடம், "அப்பா, நான் போற கிளினிக்ல உங்களுக்கும் ஒரு காது டெஸ்ட் பண்ணலாம்ங்கறாங்க. சும்மா வந்து உக்காந்துட்டு வாங்களேன்" என்றாள். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. முப்பத்தொரு வருடம் தறிகளுக்கு நடுவே நின்றவன் நான். அந்த இரைச்சலில் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதுக்கு வந்து சேராது என்பது, அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்த உனக்குத் தெரியாததா. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்போம், கையைப் பார்த்து வேலையைப் பிடிப்போம். மேஸ்திரி இருபது தறிக்கு அப்பால் நின்று திட்டினாலும், என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்று அச்சுப் பிசகாமல் சொல்லிவிடுவேன். இப்படியே பழகியதில் என் காது எப்போது போனது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்தபிறகு யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண்தான் இருக்கிறதே என்று ஓட்டிவிட்டேன்.

டெஸ்ட் என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காதைப் பற்றிப் படிக்கப்போகிற பெண்ணின் அப்பனே செவிடு என்று தெரிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "வீட்ல இருக்கற காதையே கவனிக்காதவ ஊர்க் காதைப் பாக்கப் போறாளாக்கும்" என்று சொல்ல மாட்டார்களா? எப்படியாவது பாஸ் ஆகியே தீருவது என்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, சுவர் முழுக்கப் பஞ்சு, இழுத்துச் சாத்துகிற கனமான கதவு. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். உதவியாளர் பெண் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இயந்திரத்தோடு உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கக்கூடாது என்று என்னைத் திருப்பித்தான் உட்கார வைத்தாள். ஆனால் எனக்கு எதிரே காதின் உள்பாகங்களை வரைந்த படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தோடு மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் அவளுடைய வலது தோள் நிழலாகத் தெரிந்தது. இருபது தறிக்கு அப்பால் கையைப் பார்த்தவனுக்கு ஒரு தோள் போதாதா. அவள் இயந்திரத்தைத் தட்டித் தோள் அசைந்தால் நான் பொத்தானை அழுத்தினேன். சத்தம் வந்ததா வரவில்லையா என்பது இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. முடிந்ததும் அவள், "சார், இருபது வயசுக்காரங்க காது மாதிரி இருக்கு" என்றாள். நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன், அக்கா. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். நிபுணரின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. மகளின் முதுகு தெரிந்தது, நிபுணரின் முகம் தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது, எனக்குச் சாத்தினாலும் திறந்தாலும் ஒன்றுதான். அவருடைய உதடு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க அப்பாவுக்குக் காது நல்லாத்தானே இருக்கு. அப்புறம் கட்டுரையில ஏன் அப்படி எழுதியிருக்கீங்க? சீட்டு கிடைக்கணும்னு வீட்டு ஆளுக்கு இல்லாத குறையைச் சொல்றவங்களுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" மகள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. முதுகைப் படிக்க ஆலையில் யாரும் சொல்லித்தரவில்லை. வெளியே வந்தவள் என் முகத்துக்கு நேராக நின்று, சிரித்துக்கொண்டே, "உங்க காது ரொம்ப நல்லாருக்காம்ப்பா. வாங்க, போலாம்" என்றாள். உள்ளே நடந்தது தெரியும் என்று நான் சொன்னால், எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். அவள் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போனதும், மேசையில் இருந்த கட்டுரையை எடுத்துப் படித்தேன். கேட்காமல் படித்தது தப்புதான், அன்றைக்குச் செய்த தப்புகளில் அது சின்னது. அதில் இப்படி எழுதியிருந்தாள்: 'என் அப்பா கண்ணால் கேட்கிறவர். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது வயதிலிருந்து, அவர் இருக்கிற அறைக்குள் போனதும் முதலில் விளக்கைப் போடுவேன், அவர் முகத்துக்கு நேராக நிற்பேன், அப்புறம்தான் பேசுவேன். காது கேட்காதது அவமானம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு.'

அக்கா, பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று அவளை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் தெரியுமா. நேராக வந்து நின்று பேசுவதை அப்பனுக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்து, "எம்பொண்ணு முதுகுக்குப் பின்னாடி பேசறவ இல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பேசியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். அவளுடைய மானத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று போய் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். நாலு நாளாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு போடும்போதுகூட நேராக நின்றுதான் "இன்னும் கொஞ்சம் வைக்கவாப்பா" என்கிறாள். 

நாளை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது. சிபாரிசுக் கடிதம் இல்லையென்றால் நான்கு இடமும் இல்லை. காலையில் கிளினிக் திறந்ததும் முதல் ஆளாகப் போய், "அம்மா, நான்தான் ஏமாத்தினேன், எம்பொண்ணு எழுதினது நெசம்" என்று சொல்லப்போகிறேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். உதடு சரியாக அசைகிறது, சத்தம் வந்ததா என்றுதான் தெரியவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. போனில் நீ பேசுவது நாலு வருஷமாக எனக்குக் கேட்பதில்லை. போனில் உதடு தெரியாதே. நீ மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து "ஆமாக்கா" என்றும் "சந்தோஷம்க்கா" என்றும் மாற்றி மாற்றிப் போட்டுவந்தேன். அத்தானுக்கு முடியவில்லை என்று நீ சொன்னபோது சந்தோஷம் என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் பார்க்கும்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் மறுக்காமல் "ஆமாடா" என்று கேட்டுக்கொள்கிற ஒரே மனுஷி நீ. உன்னையே ஏமாற்றிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை, பழைய ஆசியில் மிச்சம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளச் சொல். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

முகத்தைக் காட்ட வெட்கப்படும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: இது மறுநாள் மாலை எழுதுவது. காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். நிபுணர் அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார வைத்தார். படுதோல்வி. மகளைக் கூப்பிட்டு, "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிடும்மா" என்று கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு நான்கு விண்ணப்பமும் போய்விட்டன. பழகிப் பார்க்க எனக்கு ஒரு ஜோடி கருவி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் முதல் தடவையாக என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அப்பா, கேக்குதா" என்றாள். கேட்டது. அவள் குரல் அழுகிற குரலாக இருந்தது.

கருவியோடு உனக்குத்தான் முதல் போன் போட்டேன். மேலே எழுதிய அத்தனையும் வாயாலேயே சொன்னேன். நீ "ஆமாடா" என்றாய். "டெஸ்ட்ல ஏமாத்திட்டேன்க்கா" என்றேன், "ரொம்ப சந்தோஷம்டா" என்றாய். சந்தேகப்பட்டு, "அக்கா, உன் வீடு பத்தி எரியுது" என்றேன். "நல்லதுடா, எல்லாம் உன் மனசுபோல நடக்கும்" என்றாய். ஆக உனக்கும் காது கேட்கவில்லை, நாலு வருஷமாக நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஆமாம் போட்டிருக்கிறோம், அதனால்தான் ஒரு சண்டைகூட வரவில்லை. ஆகவே உன்னிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தைக் கிழிக்காதே, அத்தானிடம் காட்டு. சனிக்கிழமை உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக மகள் வருகிறாள். வந்ததும் உன் முகத்துக்கு நேராக நின்றுதான் பேசுவாள். பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று மட்டும் அவளைத் திட்டிவிடாதே.