மங்களம் பாடாத படம்

மாட்சிமை பொருந்திய மச்சான் ஈஸ்வர் அவர்கள் சமூகத்திற்கு, ரெட்டியார்சத்திரத்திலிருந்து மைத்துனன் அழகர்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்பிகாவும் நலம். திருப்பூரில் தாங்களும் தங்கை வீரலட்சுமியும் நலமாயிருக்க மாரியம்மன் துணை நிற்பாளாக. போனில் சொன்னால் தங்கச்சி ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கும் என்பதால் இக்கடிதம்.

விஷயம் என்னவென்றால், நாம் முப்பது வருஷமாய் மேடையேற்றிய 'மாயக் கன்னக்கோல்' திருடர் நாடகத்தைச் சினிமாவாக எடுக்கிறார்கள். டைரக்டர் ஷைனி, திண்டுக்கல் பிள்ளை, தங்கமான குணம். திருடர் தலைவன் வேஷம் எனக்குத்தான்னு சொல்லிருச்சு. முதல் நாள் உச்சி வெயில்ல செண்டுமல்லிக் காட்டுக்குள்ள, செவுத்துல ஓட்டை போடுற கன்னக்கோலோட நடக்கவிட்டு, "அய்யா, இது ராத்திரி சீனு"ன்னுச்சு. வேர்த்து ஊத்துது, இதுல என்னத்த ராத்திரின்னு நெனச்சேன். அப்புறம் கேமராவோட மாட்டியிருக்குற சின்ன டிவியில போட்டுக் காட்டுனாக பாருங்க, ஆத்தாடி! வெயிலு பூராம் நீலமா நிலாவாகிக் கெடக்கு, பூவெல்லாம் வெள்ளி, நடுவுல நான் போறேன், முட்டி வலி தெரியல, நரை தெரியல, மொத மொத மேடையேறுனப்ப எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கேன். கண்ணு கலங்கிப்போச்சு மச்சான். அன்னையிலருந்து பட்டப்பகல்ல கடைக்குப் போனாலும் நிலாவுல மெதக்குற மாதிரியே இருக்கு. சோத்துக்கு வெஞ்சனம் போடவான்னு அம்பிகா கேட்டா பாட்டாவே பதில் சொல்றேன்.

இம்புட்டு சந்தோசத்துல இடி விழுந்த மாதிரி, கடைசி மங்களப் பாட்டு படத்துல கெடையாதுன்னுட்டாக. "மங்களம் கேட்டா ஜனம் எந்திரிச்சுப் போயிரும் அய்யா"ங்குது ஷைனி. போகட்டுமே தாயி, அதுக்குத்தானே பாடுறது! மங்களம் பாடுனாத்தானே தலைவன் கன்னக்கோலைக் கீழ வச்சு, கூட்டத்தைக் கும்பிட்டு, அழகர்சாமியா வீட்டுக்குப் போவான்? பாடலைன்னா, நான் செத்தப்புறமும் அந்தத் திரையில திருடனாவே நிக்கணுமே. எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன், மசியல.

நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நாடகத்தன்னைக்குத் தலைவன் கூட்டத்துக்குள்ள எறங்கி யார் பொருளையாச்சும் நெசமாவே தூக்கணும், அடகுக்கடைக்காரர் வேஷங்கட்டுற நீங்க அதை மடியில முடிஞ்சுக்கணும், மங்களம் பாடி முடிச்சதும் வெத்தலை பாக்கோட உடையவுக கையில குடுத்துறணும். பொருள் போன வீட்டுக்கு அந்த வருஷம் நல்லதுன்னு சனம் முண்டியடிச்சு முன்னால வந்து உக்காருமே! இதைப் போயி ஷைனிகிட்ட ஒளறுன எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும். முந்தாநாள் மத்தியானம் கேமராவுக்குள்ள இருந்த கார்டைக் காணோம், நகத்தளவு சாமான், அதுலதான் எம் நிலா நடை பூராம் இருக்காம், எல்லாரும் என்னையே பாக்குறாக, எங்க வீட்டு அரிசிப் பானையைக்கூடக் கவுத்துத் தேடிட்டாக. "ஏங்க, நீங்க எடுக்கலைல்ல?"ன்னு கட்டுனவ அம்பிகாவே கேக்குறா. ஷைனி ஓரமா உக்காந்து அழுதுச்சு. நான் நிரபராதி மச்சான். நிலா மயக்கத்துல கை எங்க போச்சு, கால் எங்க போச்சுன்னு கேட்டா எனக்கெப்படித் தெரியும்? நீங்க ஒடனே வந்து, "எம் மச்சினன் மேடைக்கு வெளிய துரும்பைத் தொட்டதில்ல"ன்னு சாட்சி சொல்லணும்.

பேரப்பிள்ளைகள் நூறாண்டு வாழ ஆசிகள். தங்கைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
களங்கமற்ற மைத்துனன்
அழகர்சாமி

பி.கு.: கடுதாசியைப் பாத்துப் பிரிங்க மச்சான், உள்மடிப்புல டேப் போட்டு ஒட்டியிருக்கேன். தண்ணி படாம மடியில வச்சுக்கங்க. கவரை ஒட்டப்போற நேரத்துல ஷைனி வந்து நின்னு, "அய்யா, மங்களத்தை எடுத்துருவோம். உங்க அடகுக்கடைக்காரர் எப்ப வாராரு?"ன்னு கேட்டுச்சு. கையிலதான் இருந்துச்சு, அப்பவே குடுத்துருக்கலாம். ஆனா உங்க மடிக்குப் போகாம திருப்பிக் குடுத்தா அது வெறும் திருட்டுல்ல? வெத்தலை பாக்கு வாங்கியாச்சு. வேஷத்தோட வாங்க.