ரைன் நதியில் எனக்கு வந்த தலைசுற்றல்

அன்புள்ள மாப்பிள்ளை நந்தகுமார் அவர்களுக்கு,

கொல்லிமலை குண்டனி நாட்டிலிருந்து உங்கள் மாமனார் அண்ணாமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, மிளகுக் கொடி எல்லாம் சுகம். அங்கே நீங்களும் யமுனாவும் பேத்தியும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரர் துணை.

போனில் சொல்லாமல், அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு, ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அடுத்த மாதக் கடைசியில் எங்கள் இருவருக்கும் ஜெர்மனிக்கு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து எடுக்க வேண்டாம். லீவு கிடைக்கவில்லை என்றோ, வீட்டுக்காரர் விருந்தாளிகளைச் சேர்ப்பதில்லை என்றோ, பழி உங்கள் பக்கம் விழுகிற மாதிரி ஏதாவது சொல்லிவிடுங்கள்.

காரணம் என் வயிறு. மலை இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு, எனக்கு நாலாவது வளைவிலேயே புரட்ட ஆரம்பித்துவிடும். பாஸ்போர்ட்டுக்காகக் கீழே போன அன்று கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே டிக்கெட்டோடு ஒரு காகிதப் பையையும் சேர்த்துக் கொடுத்தார். பஸ்ஸிலாவது ஜன்னலைத் திறக்கலாம். விமானத்தில் அதுவும் முடியாதாம்.

அதனால்தான் யமுனா டி.வி.யில் ஜெர்மனி வீடியோ போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது, உட்கார்ந்த இடத்திலேயே பார்த்து முடித்துவிட்டால் அத்தையின் ஆசை தணிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புவோம். அத்தை சேலை மாற்றி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாவாயியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். கொலோன் தேவாலயத்துக்குள் கேமரா நுழைந்ததும் இருவரும் எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோபுரத்தில் ஐநூற்றுச் சொச்சம் படி, ஏறியது வீடியோ எடுத்த பையன்தான், ஆனால் மறுநாள் முழங்கால் வலித்தது எனக்கு. கருங்காடு என்று பெயர் பெற்ற காட்டைக் காட்டினார்கள். "ஏனக்கா, இதைப் பாக்கவா இத்தன பேரு ஏரோப்பிளேன்ல போறாங்க? நம்ம ஊட்டுக்குப் பின்னாடி இல்லாத மரமா?" என்றாள் பாவாயி. அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு நானும் ஆமாம் போட்டேன், அத்தை இருவரையும் முறைத்தாள். அடுத்த நாள் ரைன் நதியில் படகு. படகு லேசாகத் திரும்பியது மாப்பிள்ளை, டி.வி.யில்தான் திரும்பியது, நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். "கப்பலை நிறுத்தட்டுங்களா?" என்று அத்தை ரிமோட்டோடு வாசற்படியில் நின்றாள்.

சரி, சாப்பாட்டிலாவது அவளுக்கு அந்த ஊர் வெறுத்துப்போகட்டும் என்று பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற உருளைக்கிழங்கு உருண்டையை மரவள்ளிக் கிழங்கில் பிடித்தோம். பாவாயி இரண்டு சாப்பிட்டு அங்கேயே படுத்துவிட்டதால் மியூனிக் நகரத்தை அவளுக்காக மறுநாள் இன்னொரு முறை பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு அவர்கள் புளிக்க வைத்துச் சாப்பிடுகிற முட்டைக்கோஸ். காற்றுப் புகக்கூடாது என்று யமுனா சொன்னாள். காற்றுப் புகாமல் மூடுவதற்கு எனக்கா சொல்ல வேண்டும் என்று, விதைச் சாமை போட்டு வைக்கிற பானையில் கோஸை அடைத்து, மூடியைச் சுற்றிச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டேன். சாமை என்றால் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். கோஸ் ஒன்பதாம் நாள் வெடித்தது. அப்போது நாங்கள் பிராங்க்ஃபர்ட் ரயில் நிலையத்தில் இருந்தோம், ரயில்தான் மோதிவிட்டது என்று பாவாயி வேலியைத் தாண்டி ஓடினாள். அத்தை ஓடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கோஸில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "இங்கயே இவ்வளவு நல்லா இருந்தா அங்க எப்பிடி இருக்குமுங்க" என்றாள். மறுநாளே உங்களுக்குக் கொண்டுவர நாலு படி சாமையும் ஒரு பை மிளகும் கட்டி வைத்துவிட்டாள்.

பேத்தியைத் தூக்க எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போனில் அவள் கை நீட்டும்போதெல்லாம் இந்தப் பக்கம் நானும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முகம் வெளுத்து, சட்டையெல்லாம் நனைந்து வந்து இறங்குகிற அப்புச்சியைத்தானா அந்தக் கண்ணு முதன்முதலில் நேரில் பார்க்க வேண்டும்? அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. டிக்கெட் வேண்டாம் மாப்பிள்ளை.

யமுனாவுக்கு என் ஆசி, பேத்திக்கு ஆயிரம் முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத சம்பளமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கவலையுடன்,
அண்ணாமலை

பின்குறிப்பு: எங்கள் ஊர்த் தபால்காரர் பாவாயிக்குத் தம்பி முறை என்பதால் கடிதத்தை நாமக்கல்லுக்கே எடுத்து வந்தேன். உங்களுக்குக் கோபம் வருமோ, கடிதம் எப்படியாவது யமுனா கையில் சிக்கிவிடுமோ, சாணி விஷயத்தை எழுதியிருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் தோளைத் தட்டி, "ஏனுங்க, அடிவாரம் வந்து அரை மணி நேரமாச்சுங்க, அந்தப் பையைக் குடுங்க, வேற ஆளுக்கு ஆவும்" என்றார். ஏறியதும் அவர் கொடுத்த காகிதப் பை மடிப்புக் கலையாமல் என் கையில் இருந்தது. எழுபது வளைவும் எனக்குத் தெரியாமலே போயிருக்கின்றன. ஆகவே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம்தான், ஆனால் நான் திரும்பி மலை ஏற வேண்டுமே. பின்குறிப்பை நீங்கள் படிக்காமல் விட்டுவிடுவீர்களோ என்ற கவலை இருந்தால் வீடு வரை போய்ச் சேர்ந்துவிடுவேன்.