இருபத்தைந்து மணி நேரம் முன்னதாக

எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போதுதான் கழற்றுவேன். (அதுவும் அம்மா திட்டிய பிறகு.)

அப்போதுதான் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அக்கா போன் செய்தாள். கைக்குழந்தையோடு முதல்முறையாக ஊருக்கு வருகிறாள். "செவ்வாக்கிழமை நைட்டு பத்து மணிக்கு ப்ளைட்டு. சிங்கப்பூர்ல மாறணும், மொத்தம் இருபத்திநாலு மணி நேரம். அங்க வந்து சேர்றது..."

"அதெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

சுவரில் இருந்த உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். பதினாறாயிரம் கிலோமீட்டர் சொச்சம். அக்கா சொன்ன நேரம் சரிதான் என்று தீர்ப்புச் சொன்னேன். செவ்வாய் இரவு பத்தோடு இருபத்துநான்கைக் கூட்டினால் புதன் இரவு பத்து. அமெரிக்கா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஆகவே அதைக் கழித்தேன். புதன் காலை ஒன்பதரை.

"ஏன்டா, அவ நைட்டு பேசுறப்போ நமக்கு மறுநாள் காலைல ஆயிடுதே. கூட்டத்தானே வேணும்?" என்றாள் அம்மா.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

புரியாத அம்மா புதன்கிழமை விடிந்ததும் குளித்து, சாமி படத்தின் முன் நின்று, "பேத்தி மூஞ்சியப் பாத்தப்புறம்தான் எனக்குச் சோறு" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு இட்லி கட்டிய டிபன் கேரியரோடு வேனில் ஏறினாள்.

மீனம்பாக்கத்தில் எட்டரைக்கே நின்றோம். சிங்கப்பூர் விமானம் வந்தது. வெளியே வந்த ஒவ்வொரு குழந்தையையும் அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். நான் கதவுக்கும் கம்பிக்கும் இடையே நடந்தே தேய்ந்தேன். பதினொன்றாயிற்று.

"இன்னா சார், ப்ளைட்டு வந்துகினு கீதா, இல்ல நடந்துகினு வருதா?" என்றார் வேன் டிரைவர் முனுசாமி, படாளத்துக்காரர்.

விசாரணை கவுண்டரில் இருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டு விரல்விட்டு எண்ணினாள். "சார், அந்த ப்ளைட்டு அங்கேர்ந்து கிளம்பியே அரை மணி நேரம்தான் ஆகுது. நாளைக்குக் காலைல பத்தரைக்கு வாங்க."

அதாவது, நாங்கள் இங்கே வந்து நின்றபோது அக்கா அங்கே விமானத்திலேயே ஏறவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாமிகிட்ட சொல்லிட்டேன்டா" என்று மட்டும் சொல்லி, டிபன் கேரியரை எங்களிடம் நீட்டினாள். கெஞ்சிப் பார்த்தேன், காபிகூடத் தொடவில்லை. அவமானத்தில் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. (இறங்காமலே ஆறு இட்லி.)

அன்று முழுக்க வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரை மணிக்கொரு தரம் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பதினொன்றரைக்கு அக்கா வெளியே வந்தாள். அம்மா குழந்தையை வாங்கி முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். பிறகு அக்காவிடம், "வாடி, மொதல்ல சாப்புடலாம். உன் தம்பி கணக்குல நான் நேத்தே சாப்ட்டாச்சு" என்றாள்.

அந்தப் பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "ஒரு மணி நேரத்துல வந்துடறேம்மா, சேர்ந்து சாப்பிடலாம்" என்பேன்.

"வாப்பா, மெதுவா வா" என்பாள் அம்மா. பின்னாலேயே தனக்கு மட்டும் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும்.